அத்தானுக்கு ஒரு செய்தி

முன்னறையில் யாரோ செருமினார்கள். ஒரே ஒரு செருமல்தான். கட்டிலில் கண்மூடிக் கிடந்த இஸ்திரியக்காவுக்கு அது போதும். நாலு வருஷமாகக் காதில் விழாத சத்தம் என்றாலும், தாயில்லாத தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவளுக்கு அவன் தொண்டை தெரியாதா?

"யாரு?" என்று தெரிந்துகொண்டே கேட்டாள்.

மகள் கதவோரம் வந்து நின்றாள். "மாமாதாம்மா. உன்னைப் பார்க்கணுமாம்."

"எதுக்கு? எப்பப் போவேன்னு கேட்கவா? டாக்டர் ஒரு மாசம்னுட்டாரு. அதைச் சொல்லு, சந்தோஷமாத் திரும்பிப் போகட்டும்."

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் படுக்கை விரிப்புகளைத் தேய்த்தவள் அவள். அதனால்தான் அந்தப் பெயர். இப்போது ஈரல் முழுக்கப் புற்று. சாவுக்கு அவள் அஞ்சவில்லை என்று தெருவே மெச்சியது. வாராவாரம் வந்து ஜெபிக்கும் போதகரிடம் அவள் கேட்டது இரண்டே கேள்விகள்.

"அங்க போனா என் வீட்டுக்காரரை அடையாளம் தெரியுமா ஐயா?"

"தெரியும்மா. கிறிஸ்துவுக்குள்ள மரிச்சவங்க எல்லாரும் ஒண்ணா எழுந்திருப்போம்."

"என் தம்பியும் வருவானா?"

"மனந்திரும்பினா வருவாரு."

"அப்ப அவன்கிட்ட மட்டும் அதைச் சொல்லிடாதீங்க."

போதகர் சிரிப்பதா, வேதபுத்தகத்தை மூடுவதா என்று தெரியாமல் விழித்தார்.

வன்மத்துக்குக் காரணம் இருந்தது. புருஷன், அதாவது தம்பியின் அத்தான், அதே சலவைக்கூடத்தில் மெக்கானிக். தம்பி பெரிய சலவை இயந்திரத்தை ஓட்டுபவன். இயந்திரத்துக்குள் ஆள் இறங்கிச் சுத்தம் செய்யும்போது, சுவிட்சின்மேல் ஒரு சிவப்பு அட்டையைத் தொங்கவிட வேண்டும். 'உள்ளே ஆள்' என்று எழுதிய அட்டை. பதினோரு வருஷத்துக்கு முன் ஒருநாள் அத்தான் அட்டையை மாட்டிவிட்டுத்தான் துணி ஏற்றும் தொழிலாளியை உள்ளே அனுப்பினார். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருந்த தம்பி, வேலை முடிந்துவிட்டது என்று தானே நினைத்துக்கொண்டு அட்டையைக் கழற்றினான். உள்ளே எட்டிப் பார்க்காமல் சுவிட்சைப் போட்டான். அந்த மனிதர் மூன்றாம் நாள் இறந்துபோனார்.

"அட்டையே மாட்டலை," என்று விசாரணையில் சொன்னான் தம்பி. தேடிப் பார்த்தார்கள். அட்டை அகப்படவில்லை. அத்தானுக்கு வேலை போனது. ஆளைக் கொன்றவன் என்ற பெயர் மட்டும் போகவில்லை. செத்தவரின் மனைவி கோயிலில் முன்வரிசையில் உட்காருவாள் என்பதால், அவர் கடைசி வரிசைக்குப் போனார். பிறகு வாசலுக்கு வெளியே. ஏழு வருஷம் அப்படி நின்று, ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். "அட்டையை மாட்டினதை ஆண்டவர் பார்த்தாரு. அது போதும்," என்பதுதான் அவர் கடைசியாகச் சொன்னது.

அடக்கத்தன்று தம்பியும் கைப்பிடி மண்ணை அள்ளினான். இஸ்திரியக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அந்த மண்ணைக் கீழே கொட்டினாள். அத்தோடு உறவு அறுந்தது.

அந்தத் தம்பிதான் இப்போது, யாரும் கூப்பிடாமலே, உள்ளே வந்து நின்றான். தலை நரைத்திருந்தது.

"உக்காரு. இப்ப சூப்பர்வைசரா ஆயிட்டவனை நிக்க வெச்சா ஊரு என்னைப் பேசும்."

கட்டில் விளிம்பில் பட்டும் படாமலும் உட்கார்ந்தான். "மன்னிப்புக் கேட்க வரலக்கா. கேட்டாலும் நீ குடுக்க மாட்டே."

"பரவாயில்லையே. புத்தி வந்திருக்கு."

"தினமும் ஜெபம் பண்றேன். இயேசு என்னைத் தள்ள மாட்டாருன்னு நம்பிக்கை வந்திருக்கு. அவரைப் பார்க்கப் பயமில்ல. அத்தானைப் பார்க்கத்தான் பயமா இருக்கு. நீ முன்னாடி போறே. எனக்காக அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுக்கா."

இந்த நாளுக்காக அவள் எத்தனை சாபங்களைச் சேர்த்து வைத்திருந்தாள்! ஒன்றும் வாய்க்கு வரவில்லை. ஏனென்றால் அதே பயம் அவளுக்குள்ளும் இருந்தது. போதகரிடம்கூட அவள் சொல்லாத பயம்.

"அட்டையை என்ன பண்ணினே?" என்றாள்.

தம்பி மகளைப் பார்த்தான். மாத்திரையும் தண்ணீருமாக வந்தவள் அப்படியே நின்றிருந்தாள்.

"அவளும் கேட்கட்டும். சொல்லு."

"அடுப்புல போட்டேன்."

"நான் பார்த்தது உனக்குத் தெரியுமா?"

"தெரியும். என் சட்டையைத் தேய்ச்சு மடிச்சு, பையில இருந்த அட்டையை எடுத்து அதுமேலேயே வெச்சிருந்தியே."

"தெரிஞ்சும் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலை."

"நீயும் கேட்கலையேக்கா."

அவள் அன்று கணக்குப் போட்டாள். சொன்னால் வளர்த்த பிள்ளைக்கு ஜெயில். சொல்லாவிட்டால் புருஷனுக்கு வேலைதானே போகும்? அந்த வேலையோடு மனிதரே போய்விடுவார் என்று அவளுக்கு அப்போது தெரியாது. பெண்டாட்டிக்கு உண்மை தெரியும் என்பது தெரியாமலே அவர் செத்தார்.

மகள் டம்ளரைக் கட்டிலருகே வைத்தாள். "அப்பா அட்டையை மாட்டித்தான் வெச்சிருந்தாராம்மா?" என்றாள். அம்மா ஆமென்று தலையை மட்டும் அசைத்தாள்.

பிறகு தம்பி பக்கம் திரும்பினாள். "உன் சேதியைச் சுமக்க நான் தபால்காரி இல்ல. நீயே அங்க வந்து அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லு."

கோபத்தில் சொன்னதுதான். சொன்ன பிறகே உறைத்தது: பரலோகத்துக்கு வரவே கூடாது என்று நினைத்தவனைத் தன் வாயாலேயே வரச் சொல்லிவிட்டாள். ஆனால் வார்த்தையைத் திரும்ப எடுக்க மனம் வரவில்லை. இவன் நரகத்தில் கிடந்தால், அவர் முன் தலைகுனிந்து நிற்பதை அவள் எப்படிப் பார்ப்பது? அந்தக் காட்சியை அவள் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

"அதுக்கு முன்னாடி செத்தவரு சம்சாரம் வீட்டுக்குப் போ. இன்னைக்கே. நடந்ததைச் சொல்லு. என் பேரையும் சேர்த்துச் சொல்லு."

"உன் பேரு எதுக்குக்கா? இந்த நிலைமையில..."

"பொய்யோட போய் அவர் பக்கத்துல நிக்கச் சொல்றியா?"

"போலீசுக்குப் போவாங்க."

"போகட்டும்."

அவன் சட்டை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வேர்த்திருந்தது. அதைப் பார்க்க அவளுக்கு மாத்திரையைவிட இதமாக இருந்தது. எழுந்தவன் தயங்கினான். "நீ என்னை மன்னிச்சிட்டியாக்கா?"

"இன்னைக்கு இல்ல. போய்ச் சொல்லிட்டு வா. பார்க்கலாம்."

"வர்றதுக்குள்ள நீ போயிட்டா?"

"அப்ப அங்க வா. நாங்க ரெண்டு பேரும் இருப்போம்."

அவன் முன்னறையைக் கடந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினான். தெருவில் செத்தவர் வீட்டுப் பக்கம் திரும்புகிறானா, அவன் வீட்டுப் பக்கமா என்பதை மகள் வாசலில் நின்று பார்த்தாள். பிறகு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.