சிலுப்ப மறுத்த கிடா

குர்லா பட்டறையில் வேலை நிரந்தரமானால் மாடசாமிக்குக் கிடா வெட்டுவதாக என் வீட்டுக்காரர் நேர்ந்துகொண்டார். கல்யாணமாகி நான் தாராவிக்கு வந்த புதிது. வேலை நிரந்தரமாயிற்று, கிடாக்குட்டியும் வந்து சேர்ந்தது. எங்கள் ஒற்றை அறையில் எனக்கே இடம் போதாது. அதனால் அதை, சால் என்று சொல்லும் எங்கள் வரிசைவீட்டுக் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே கட்டினோம். மேலே குடியிருப்பவர்கள் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் பலகை இடுக்கு வழியாக நாள் முழுக்க அதன் தலையில் சொட்டும். பாவம், பழகிக்கொண்டது.

நேர்ச்சை எங்களுக்கு, நஷ்டம் ஊருக்கு. எதிர்வீட்டு மதினியின் முந்தானை, பக்கத்து மராத்திக்காரம்மா காயவைத்த அப்பளம், சுவரில் ஒட்டியிருந்த தேர்தல் நோட்டீஸ் என்று வித்தியாசம் பார்க்காமல் தின்றது. நடைபாதை முழுக்கப் புழுக்கை. யார் சண்டைக்கு வந்தாலும் என் வீட்டுக்காரர், "பொறுத்துக்கிடுங்க, கோயில் கொடைக்குத் தொடைக்கறி உங்களுக்குத்தான்" என்பார். அவர் வாக்குக் கொடுத்த கணக்குக்கு அந்தக் கிடா மரவட்டையாகப் பிறந்திருக்க வேண்டும்.

வளர்த்தவள் நான். கிங்ஸ் சர்க்கிளில் காய்கறிக்காரர்கள் கழித்துப்போட்ட முட்டைக்கோஸ் இலையைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு பஸ் ஏறுவேன். என் வாசனை பட்டதும் கத்தும். பெற்ற தாய்கூட என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

மாடசாமி கொடைத் திருவிழா நாள் வந்தது. வெட்டுவதற்கு முன் கிடாவிடம் சம்மதம் கேட்பது எங்கள் வழக்கம். தலையில் மஞ்சள் தண்ணீர் தெளிப்போம். அது உடம்பைச் சிலுப்பினால் சம்மதம், சிலுப்பாமல் அரிவாளை ஓங்கக்கூடாது. ஈரம் பட்டால் எந்த ஆடும் சிலுப்பத்தான் செய்யும் என்று யாரும் யோசித்ததில்லை. எல்லோரும் கைகூப்பி நின்றார்கள். நானும் கைகூப்பினேன். சிலுப்பிவிடாதே என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

தெளித்தார்கள். கிடா கண்ணை மூடிக்கொண்டு அசை போட்டது. ஒரு செம்பு ஊற்றினார்கள். குளிக்கிற பெரிய மனுஷன் மாதிரி நின்றது. பிறகு குடம். அரிவாள்காரர் கை கடுத்து அரிவாளைத் தோள் மாற்றினார். வீடு வீடாகத் தண்ணீர் வாங்கி ஊற்றியதில் சாலில் குடிக்கச் சொட்டு இல்லை.

"ஏ தம்பி, குழாய்ல இனி நாளைக்குக் காலைலதான் தண்ணி வரும். கறி எதுல வேகும்? ஒம் மூத்திரத்துலயா?" என்று மதினி கத்தினாள்.

கடைசிக் குடத்தை என் வீட்டுக்காரர் ஆத்திரத்தில் வீசி ஊற்ற, பாதி அவர் மேலேயே கொட்டியது. நடுங்கி, தலை முதல் கால் வரை ஒரு சிலுப்பு சிலுப்பினார்.

"சாமி உத்தரவு குடுத்துட்டு! ஆனா கிடாவுக்கு இல்ல, அண்ணாச்சிக்கு!" என்று ஒருவர் கூவினார். அரிவாள்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். என் வீட்டுக்காரர் இரண்டடி பின்னால் போனதை நான் பார்த்தேன். எனக்கு வந்த சந்தோஷத்தைக் கிடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு மறைத்தேன்.

கிடா மாடிப்படிக்கே திரும்பியது. தொடைக்கறிக்குக் காத்திருந்தவர்கள் வாயை அடைக்க, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடையில் கறி வாங்கிக் குழம்பு வைத்தோம்.

"இந்த ஆடு சிலுப்புச்சாங்க?" என்று பரிமாறும்போது கேட்டேன்.

"கடைக்காரன் எங்க கேக்கான்?" என்றார் என் வீட்டுக்காரர், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "நல்லியைப் போடு."

போட்டேன். எனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டேன். படிக்குக் கீழேயிருந்து கிடா என்னைக் கூப்பிட்டது.