ஐஸ் கம்பெனிக்கு டேட்டாபேஸ் கட்டினேன்

டேட்டாபேஸ் கட்டுற தொழிலில் பாதிதான் வேலை. மீதி, "இன்னும் முடியலையா" என்கிறவருக்குப் பதில் சொல்றது. இதில் மாட்டிக்கொண்ட சகோதரர்களே, உங்களுக்குத் தெரியாததா!

நான் எட்டாவதோடு நின்றவன். கம்ப்யூட்டர் கட்டளைகளைத் தெரிந்தவர் பக்கத்தில் நின்று பார்த்தே பாடம் பண்ணினேன். வேலை பாம்பனில் ஒரு ஐஸ் கம்பெனியில். எந்தப் படகுக்கு எப்போ ஐஸ் என்கிற முறைப்பட்டியல் வாசல் கம்ப்யூட்டரில் இருந்தது. உப்புக்காற்றில் அதன் டிஸ்க் போனது. புது டிஸ்க் போட்டோம். பட்டியலின் நகலும் இருந்தது. அதைத் திறக்கிற டேட்டாபேஸ் நிரல்தான் இல்லை, புதுசாகக் கட்டணும். கீழக்கரை முதலாளி சொல்லிவிட்டார்: "சனிக்கிழமை படகு கிளம்பும்போது ஓடணும். இல்லேன்னா பழையபடி நோட்டு. உமக்கும் இங்கன வேலையில்லை."

காது வைத்தியம்

வாசல் கம்ப்யூட்டரில் கட்டுகிற வசதி கிடையாது. ஆபீஸில் இருந்த யூனிக்ஸ் கம்ப்யூட்டர் பெட்டியில் மூல நிரலை ஏற்றி, கட்டச் சொல்கிற 'மேக்' கட்டளையைக் கொடுத்தேன். பகல் முழுக்க ஓடும். உள்ளே டிஸ்க் கறகறவென்று அரைக்கிற வரைக்கும் பிழையில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், சத்தம் நின்றது. எச்சில் கையோடு ஓடினேன். ஐஸ் உடைக்கிற செல்லையா பின்னாலேயே வந்தான்: "ஏலே, பொட்டி மூச்சு விடலைன்னா அங்கனருந்து கேக்குது. நான் காலையிலருந்து கூப்புடுறேன், அது கேக்கலை."

தாம்பாளம்

பிழையைத் திருத்தி ஒருவழியாகக் கட்டி வாசலுக்குக் கொண்டுபோனால், 'லைப்ரரி இல்லை' என்றது; நிரல் கைமாற்று வாங்குகிற துணைக் கோப்புதான் லைப்ரரி. ஒன்றைக் கொடுத்தால் இன்னொன்றைக் கேட்டது. ஆபீஸ் பெட்டியில் இருந்தது எதுவும் அங்கே இல்லை. சரி, தேவையானதெல்லாம் வயிற்றுக்குள்ளேயே இருக்கட்டும் என்று ஸ்டேட்டிக்காக மறுபடி கட்டினேன். ஊதிப்போய் பதினோரு பிளாப்பி ஆனது. ஈரம் படாமல் தாம்பாளத்தில் அடுக்கி, துண்டு போர்த்திச் செல்லையா தூக்கி வந்தான். முதலாளி எழுந்தே விட்டார்: "நான் பட்டியல் கேட்டேன். நீரு சீர்வரிசை கொண்டு வாரீரு."

பேரில்லாத பெட்டி

சனிக்கிழமை. வாசலில் படகுக்காரர்கள் முறைக்கு மல்லுக்கட்டுகிறார்கள். "இது இனி யாரையும் எதுவும் கேக்காது" என்று சவடால் விட்டுத் தட்டினேன். எழுந்தது, விழுந்தது. அமைப்புக் கோப்பில் கம்ப்யூட்டருக்குப் பேர் எழுதியிருந்தேன். எல்லாம் வயிற்றுக்குள் இருந்தும், அந்தப் பேருக்கு உரிய எண் முகவரியைத் தேட மட்டும் வெளியே ஒரு லைப்ரரி வேணுமாம். முதலாளி நோட்டை எடுத்து மடியில் வைத்துவிட்டார். பேரை அழித்து முகவரியை எண்ணாகவே போட்டேன். எழுந்தது, நின்றது, பட்டியல் வந்தது. முதல் படகுக்கு ஐஸ் இறங்கியது. நோட்டு அலமாரிக்குள் போனது. எட்டிப் பார்த்த படகுக்காரர் அந்தோணி சொன்னார்: "இதுக்கா இம்புட்டு வேர்த்தீரு? எங்க படகுக்கும் பேரு பெத்த பேருதான். கடல்ல மறிக்கிற நேவிக்காரன் நம்பரைத்தானய்யா கேக்குறான்."

யாரையும் அண்டாமல் நிற்கிற மாதிரி எதையும் கட்டிவிடலாம், சகோதரர்களே. கட்டினவன் மட்டும் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.