குமிழி வராத மூச்சு

ஒரு ஃபிரிட்ஜ் மெக்கானிக்குக்குக் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலில் மூழ்கி மீன் பார்ப்பதில் பைத்தியம். ஆனால் அவர் மூச்சுவிட்டதும் கிளம்பும் குமிழிச் சத்தத்துக்கே மீன்கள் தலைதெறிக்க ஓடிவிடும். அதனால், விட்ட மூச்சைச் சுத்தமாக்கித் திரும்பத் தரும் கருவியைத் தானே செய்ய இறங்கினார்.

கரியமில வாயுவை உறிஞ்சும் சுண்ணாம்புக் குருணையைப் போட்டு அடைக்க, தடித்த பிளாஸ்டிக் குழாய் கச்சிதமாக அமைந்தது. விட்ட மூச்சைப் பிடித்து வைக்கும் பைதான் படுத்தி எடுத்தது. சைக்கிள் டியூப்பின் ரப்பர் நாற்றத்தில் மூச்சே இழுக்க முடியவில்லை. மழைக்கோட்டுத் துணி ஒட்டிய இடமெல்லாம் கசிந்தது. கடைசியில் அவர் கண் வீட்டிலிருந்த காற்று மெத்தைமேல் விழுந்தது.

"அய்யோ, எங்கண்ணன் வந்தா எதுல படுப்பாரு?" என்றாள் மனைவி.

"கட்டில்ல படுக்கட்டும். நான்தான் தண்ணிக்குள்ள இருப்பேனே!"

மெத்தை பையானது. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கிப் பார்த்தார். விளிம்பில் உட்கார்ந்து கவனித்த மனைவி சற்று நேரத்தில் பதறிப்போய், சட்டைக் காலரைப் பிடித்து அவரை மேலே இழுத்தாள்.

"ஒரு குமிழிகூட வரல! மூச்சு நின்னுபோச்சுன்னு பயந்துட்டேன்!"

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்லீங்க!"

அவர் தொட்டிக்குள்ளேயே குதித்து ஆடினார். அவள் ஈரத் துண்டால் முதுகில் இரண்டு போட்டுவிட்டு, "சரி, மறுபடி முங்குங்க. இந்தத் தடவ கையைப் புடிச்சுக்கறேன்" என்றாள்.