சத்தமில்லாத கேபினட்

என் மனைவிக்குத் தொண்டையில் புற்று என்று தெரிந்த வாரத்தில்தான் நான் கம்ப்யூட்டருக்குக் கேபினட் தேடக் கிளம்பினேன். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். எனக்கே என்னைப் பார்க்கச் சகிக்காமல்தான் இருபது வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

மதுரை டாக்டர் எதையும் மறைக்கவில்லை. குரல்வளையை முழுதாக எடுத்துவிட வேண்டும், உயிருக்குப் பயமில்லை, ஆனால் அதன் பிறகு பேச்சு வராது, ஒரு மாதத்துக்குள் தேதி சொல்கிறேன் என்றார். நடுவில் மூச்சு முட்டினால் ஒரு நிமிடமும் யோசிக்காமல் கூட்டி வாருங்கள் என்றும் சொன்னார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “எம் மகளுக்கு ரெண்டரை வயசுதான் சார் ஆகுது. எங் கொரலு அதுக்கு ஞாபகம் இருக்குமா?” டாக்டர் பேனாவுக்கு மூடி போட்டார்.

அவள் ஒன்றாம் வகுப்பு டீச்சர். அவள் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தால் காம்பவுண்டுக்கு வெளியே மாங்காய் விற்கிறவருக்கும் எழுத்து தெரிந்துவிடும் என்று கேலி செய்வோம். அம்புட்டுப் பெரிய தொண்டை. பிள்ளைகளுக்கென்று அவளே பாட்டுக் கட்டுவாள். எண்ணுக்கு ஒரு பாட்டு, பல் விளக்க ஒரு பாட்டு, மூக்குச் சிந்த ஒரு பாட்டு. அந்தத் தொண்டைதான் நாலு மாதமாகக் கரகரத்துக்கொண்டிருந்தது. சுண்ணாம்புத் தூள், சாக்பீஸ் தூள் என்று நாங்களும் அசட்டையாக இருந்துவிட்டோம்.

திரும்பி வரும்போது பஸ் வாடிப்பட்டியைத் தாண்டியதும் நான் அவளிடம் சொன்னேன், உன் குரலைப் பதிந்து வைத்துவிடுவோம் என்று. கம்ப்யூட்டரில் பதிந்து சி.டி.யில் போட்டுவிட்டால் மகள் கிழவியானாலும் கேட்கலாம் என்றேன். அவள் முகம் அன்றைக்கு அந்த ஒரு தடவைதான் மலர்ந்தது. வீட்டுக்கு வந்ததும் கோடு போடாத ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்துவிட்டாள். பாட்டு ஏழு, கதை நாலு. சர்ச்சில் முதல் தடவையாக அப்பம் வாங்குகிற புது நன்மையின்போது சொல்ல வேண்டியது ஒரு பக்கம், வயசுக்கு வரும்போது சொல்ல வேண்டியது ஒரு பக்கம், கல்யாணத்துக்கு ஒரு பக்கம்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் நடந்த கம்ப்யூட்டர் சென்டரில் நான் சொல்லிக்கொடுக்கிற வேலையில் இருந்தேன். ஊரில் எத்தனையோ பேருக்குப் பாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் பெட்டி பூட்டிக் கொடுத்தவன். என் வீட்டுப் பெட்டியோ கிடைத்த பாகங்களை எல்லாம் ஒரு சின்னத் தகரக் கேபினட்டில் திணித்தது. அதில் மைக்கை மாட்டி அவளை இரண்டு வரி பாடச் சொன்னேன். போட்டுக் கேட்டால், மாவு மில்லுக்குள் நின்று யாரோ பாடுகிற மாதிரி இருந்தது. சின்னப் பெட்டியில் சூடு தேங்கும், சூடு தேங்கினால் உள்ளே இருக்கிற விசிறிகள் பேய் பிடித்த மாதிரி சுற்றும், அதற்குத் தக்கபடி தகரமும் அதிரும். இடம் தாராளமாக உள்ள பெட்டி என்றால் பெரிய விசிறியாகப் போடலாம். அது ஆற அமரச் சுற்றும். சத்தம் வராது. எனக்குத் தெரிந்த வித்தை அவ்வளவுதான். அதைக் காட்ட எனக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைத்துவிட்டது.

“நம்ம டேப் ரெக்கார்டர்லயே பதிஞ்சா என்னங்க?” என்று அவள் கேட்டாள். கல்யாணத்துக்கு வந்த டேப் ரெக்கார்டர் அலமாரி மேலேயே இருந்தது, நன்றாகவும் பாடியது. “நாடா சிக்கும். பூஞ்சை புடிக்கும். பத்து வருசத்துல ஒண்ணுமில்லாமப் போயிரும். செஞ்சா உருப்படியாச் செய்யணும்” என்றேன். நான் பெரிய மேதாவி! அவள் அதற்குமேல் கேட்கவில்லை. இந்த விஷயத்தில் எனக்குத்தான் தெரியும் என்று என்னை நம்பினாள்.

திண்டுக்கல்லில் மூன்று கடை ஏறி இறங்கினேன். தேங்காய் வாங்குகிறவன் மாதிரி ஒவ்வொரு கேபினட்டையும் விரலால் தட்டித் தட்டிப் பார்த்தேன். எல்லாம் மெல்லிசுத் தகரம். மூடியைக் கழற்றினால் விளிம்பு கையைக் கிழித்தது. கடைசிக் கடைக்காரர் பொறுமை இழந்துவிட்டார். “ஏண்ணே, தகரத்துல என்னண்ணே நாதம் பாக்குறீக? அம்புட்டும் ஒரே சரக்குதான். கண்ண மூடிக்கிட்டு ஒண்ணத் தூக்கிட்டுப் போங்க. பாட்டா பாடப் போகுது?” என்றார். பாடத்தான் போகிறது என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அழுதுவிடுவேன் என்று படியிறங்கிவிட்டேன்.

மதுரையில் ஒரு கடையில் ஒரு பெட்டியின் படம் காட்டினார்கள். தொடை உயரம், கனத்த தகடு, முன்னாலும் பின்னாலும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விசிறி வைக்க இடம். சென்னையிலிருந்து வர வேண்டும், அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். அடுத்த வாரம் போனேன். வந்திருந்த பெட்டியின் பக்கவாட்டு மூடி வழியில் அடிபட்டு லேசாக நெளிந்திருந்தது. அமுக்கினால் கடகடவென்றது. வேண்டாம், வேறு தருவியுங்கள் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்தேன். அந்தக் கடகடப்பை ஒரு துண்டு ரப்பர் வைத்து நிறுத்தியிருக்கலாம். எனக்கு அது தெரியாததா? தெரியும்.

இதற்குள் அவள் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. காலையில் எழுந்ததும் அரை மணி நேரம் தெளிவாக வரும். பிறகு கரகரப்பு, மத்தியானத்துக்கு மேல் வெறும் காற்று. அப்போதுதான் நான் அந்தக் கட்டளையைப் போட்டேன். பெட்டி வருகிறவரை யாரோடும் பேசாதே, தொண்டையைச் சேர்த்து வை, பதியும்போது செலவழித்துக்கொள்ளலாம் என்றேன். தொட்டியில் தண்ணீர் பிடித்து வைத்துச் செலவழிக்கிற ஊர்க்காரன் புத்தி அப்படித்தான் போகும். குரலையும் குடத்தில் பிடித்து மூடி வைக்கலாம் என்று நினைத்தேன்.

அவள் ஒத்துக்கொண்டாள். மகள் கூப்பிட்டால் கையைத் தட்டினாள், சோறு ஊட்டும்போது தலையை ஆட்டினாள். தூங்க வைக்கும்போது பாட்டு இல்லாமல் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தாள். பிள்ளை சிணுங்கும். “ம்மா, பாடு. ம்மா, பல்லுப் பாட்டுப் பாடு.” ஒரு தடவை பொறுக்க முடியாமல் அவள் மெல்ல ஆரம்பித்துவிட்டாள். அடுத்த அறையிலிருந்து நான் ஓடி வந்து வைதேன். “ஒனக்குக் கொஞ்சமாச்சும் அறிவு இருக்கா? யாருக்காக நான் இந்தப் பாடு படுறேன்?” பிள்ளை முன்னாலேயே வைதேன். அவள் நிறுத்திக்கொண்டாள். இரண்டாவது தடவையும் வைதேன். மூன்றாவது தடவைக்கு அவள் இடம் வைக்கவில்லை.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை பெட்டி கைக்கு வந்தது. பஸ்ஸில் கண்டக்டர், “என்ன சார், பீரோவைத் தூக்கிட்டு வாரீங்க?” என்று லக்கேஜ் சீட்டுக் கிழித்தார். படிக்குப் பக்கத்தில் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தேன். சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் மாற்றிப் பூட்டினேன். சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி ஒவ்வொரு திருகாணிக்கும் கீழே வைத்தேன். மூடியின் உள்பக்கம் பஞ்சு மெத்தைத் துண்டு ஒட்டினேன். சுவிட்சைப் போட்டதும் பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. பழுதாகிவிட்டதோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அவள் தரையில் உட்கார்ந்து பெட்டியில் காதை வைத்துக் கேட்டாள். கட்டளையை மீறி, கரகரத்த குரலில் சொன்னாள். “சத்தமே இல்லீங்க. நல்லா வாங்கியிருக்கீங்க.” பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். “காலையிலேயே ஒரு பாட்டாச்சும் பதிஞ்சுருவமா?”

எங்கள் கத்தோலிக்க வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. மிக்சி வாங்கினாலும் தையல் மிஷின் வாங்கினாலும் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிக்காமல் முதல் வேலையைத் தொடங்க மாட்டோம். நான் அதையெல்லாம் கேலி செய்கிறவன்தான். சென்டரில் பையன்களிடம் வைரசுக்குத் தீர்த்தம் மருந்தில்லை என்று கிண்டலடித்தவன்தான். ஆனால் மூன்று வாரம் பயந்து செத்தவனுக்கு அன்றைக்கு எந்த விளையாட்டும் விளையாடத் தைரியமில்லை. நல்ல காரியம், குறை வைக்கக் கூடாது என்று தோன்றிவிட்டது. பங்குச்சாமியாரோ குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு கிராமத்துத் திருவிழாவுக்குப் போயிருந்தார். போன் பண்ணினேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராக வந்துவிடுகிறேன் என்றார்.

“ரெண்டு நாளுதான். சாமியார் வந்து மந்திரிச்சதும் தொடங்கிருவோம். அதுவரைக்கும் பேசாம இரு” என்று அவளிடம் சொன்னேன். அவளும் பக்தி உள்ளவள். சரி என்று தலையாட்டினாள். நோட்டைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு வெஞ்சனத்துக்குக் காய் நறுக்கப் போய்விட்டாள்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். என் கதையில் தாழி தானாக உடையவில்லை, நான்தான் போட்டு உடைத்தேன். சனிக்கிழமை காலை அவள் அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு இழுக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம். உதடு கருத்திருந்தது. மகளை என் அக்கா வீட்டில் இறக்கிவிட்டு, டாக்ஸி பிடித்து மதுரைக்குப் பறந்தோம். வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஏதோ சொல்ல வந்தாள். அப்போதும் இந்த வாய் என்ன சொன்னது தெரியுமா? “பேசாத, பேசாத” என்றது.

போன அரை மணி நேரத்தில் கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்துவிட்டார்கள். மூச்சு அந்த வழியாகப் போக ஆரம்பித்தது, குரல் அன்றோடு நின்றது. இனி எதற்குக் காத்திருப்பது என்று செவ்வாய்க்கிழமை ஆபரேஷனையும் முடித்தார்கள். அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அலமாரி மேலிருந்த டேப் ரெக்கார்டர்தான் கண்ணுக்குள் நின்றது. அமுக்க ஒரு விரல் போதும். மூன்று வாரமாகக் காலைதோறும் அரை மணி நேரம் குரல் இருந்தது. நாடா சிக்கினால் சிக்கிவிட்டுப் போகிறது. ஐயோ, இரைச்சலோடு கேட்டால் என்ன? மாவு மில்லுக்குள்ளிருந்து கேட்டாலும் அது அவள் குரல்தானே. சோதனைக்குப் பாடிய அந்த இரண்டு வரியைக்கூட, சத்தம் கலந்திருக்கிறது என்று நான் அன்றைக்கே அழித்திருந்தேன்.

சாமியார் சொன்ன சொல் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை வந்தாராம். வீடு பூட்டிக் கிடக்க, பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டு, பூட்டின கதவுக்கே தீர்த்தம் தெளித்துவிட்டு மதுரைக்கு பஸ் ஏறி வந்தார். ஆஸ்பத்திரியில் அவள் தலைமேல் கை வைத்துச் செபித்தார். என்னைப் பார்த்து, “கம்ப்யூட்டர இன்னொரு நாளு மந்திரிக்கலாம்ப்பா” என்றார். அவரை என்ன குறை சொல்ல? எனக்கு யார் மேலாவது பாய வேண்டும் போலிருந்தது. பாய ஆளில்லை.

ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தோம். எனக்கு இருந்த பயமெல்லாம் மகளைப் பற்றித்தான். அம்மா ஏன் பேச மாட்டேன் என்கிறாள் என்று கேட்டால் என்ன சொல்வது? கழுத்துத் துணியைப் பார்த்துப் பயந்தால் எப்படித் தேற்றுவது? அக்கா அவளைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் இறக்கிவிட்டாள். அவள் ஓடி வந்து அம்மா மடியில் ஏறினாள். துணியைத் தொட்டுப் பார்த்தாள். பயப்படவில்லை, ஒன்றும் கேட்கவுமில்லை. அம்மா பேசாமல் இருப்பது அவளுக்குப் புதிதே இல்லை.

என் மனைவிதான் தாங்க முடியாமல், பழக்கதோஷத்தில், பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தாள். கழுத்துத் துணி மட்டும் புஸ்ஸென்று ஆடியது. மகள் அவசரமாகத் தன் உள்ளங்கையால் அவள் வாயைப் பொத்தினாள். பொத்திக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“பேசாதம்மா” என்றாள். “அப்பா வையும்.”