கச்சான் இல்லாத கல்யாணம்

என் மைத்துனர் தம் மகளின் கல்யாணத்தைப் பார்க்கவில்லை. பாம்பன் மாதா கோயிலில் மூன்று ஞாயிறும் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து முடித்த வாரத்தில், வலைக்கு ஈயம் கட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். வலது கை, வலது கால், பாதி வாய் போயிற்று. இராமநாதபுரத்து ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு இடது கையை ஆட்டி ஆட்டி அவர் சொன்ன ஒரே சேதி, கல்யாணத்தை நிறுத்தக் கூடாது என்பதுதான். மீன்பிடிக்கு அரசாங்கம் தடை போடும் அந்த இரண்டு மாதத்தில்தான் எங்கள் கரையில் ஆண்பிள்ளைகள் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். கல்யாணங்களும் அப்போதுதான். தள்ளிப்போட்டால் விசைப்படகுகள் கடலுக்குப் போய்விடும்; மாப்பிள்ளையும் அவற்றில் ஒன்றில் போய்விடுவார். ஆகவே அவர் இல்லாமலே நடந்தது. அவருக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் இருந்தது என் மனைவி, அவருடைய அக்கா. அதனால் அவளும் பார்க்கவில்லை. பெண்ணின் தாய் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டதால், குடும்பத்தின் சார்பாகப் போய் நின்றவன் நான்.

ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் அவரை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். கைகாலுக்குப் பயிற்சி கொடுப்பவர் இராமநாதபுரத்தில், எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில்தான் இருந்தார். முன்னறையில் ஜன்னலை ஒட்டிக் கட்டில் போட்டோம்.

கல்யாணப் பெண் தன் புருஷனோடு வந்தாள். தகப்பனின் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் கல்யாணப் படத்தைப் போட்டுக் காட்டினாள். அவர் இடது கையால் அதை வாங்கினார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"எறும்பு... கணக்கா... தெரியுது" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தப் பெண் அடுப்படிக்குப் போய் என் மனைவியின் தோளில் சாய்ந்து அழுதாள்.

"அப்பா எம்மேல கோவமா இருக்காக அத்தை. நிறுத்த வேண்டாம்னு அவுக சொன்னாலும் நான் நிறுத்தியிருக்கணும்."

"போடி கூறுகெட்டவளே. அவன் கோவப்பட்டா சுவத்தப் பாத்தா படுப்பான்? இந்நேரம் ஊரு கூடியிருக்கும்" என்றாள் என் மனைவி. ஆனால் அவள் குரலில் உறுதி இல்லை.

நான் குறுக்கே புகுந்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வா, பெரிய டிவியில் எல்லாரும் உட்கார்ந்து பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் டிவி நினைவுக்கு வந்தது. எங்கள் டிவி பழைய குண்டு டிவி. அதில் பென்டிரைவ் செருக இடம் கிடையாது. என் மனைவி ஞானப்பாட்டுக் கேட்பதற்கென்று வைத்திருக்கும் டிவிடி பிளேயர் ஒன்றுதான் அதோடு சேர்ந்து வேலை செய்யும்.

மஸ்கட்டில் இருக்கும் என் மகன் போனில் சிரித்தான். "டிவிடியா? புது டிவி வாங்கி அனுப்புறேன்ப்பா."

"ஓடுற டிவி இருக்கையில எதுக்குடா?"

என் மனைவி போனைப் பிடுங்கினாள். "உங்கப்பா ஓடுறதை மாத்த மாட்டாருடா. என்னையும் அதுனாலதான் வச்சிருக்காரு."

படத்தை வெட்டி ஒட்டுவது எனக்குப் புதிதல்ல. மகன் விட்டுப்போன மடிக்கணினியில், பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள் படங்களை வைத்துக் கற்றுக்கொண்டது. ஆனால் அவற்றை எல்லாம் கணினியிலேயே பார்த்துவிட்டு மூடிவிடுவோம். டிவிடியில் நல்ல தரமாக இறக்குவது வேறு வித்தை என்பது இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

முதலில் வெற்று டிவிடி வேண்டும். கணினிக் கடையில் இருந்த அம்மாள் உள்ளே போய்த் தேடி, தூசி தட்டி எடுத்து வந்தார்.

"எத்தனை ஏக்கர் ஐயா?"

எனக்கு விளங்கவில்லை.

"முதுகுளத்தூர்ப் பக்கம் சோளக்காட்டுல குருவி வெரட்டக் கட்டித் தொங்க விடுறாக. அதுக்குத்தான் இப்பல்லாம் வந்து கேக்குறாக. நீங்களும் அதுக்குத்தானே?"

படம் போடத்தான் என்றேன். என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்ப நல்லதாத் தாரேன்" என்று கையில் இருந்ததை வைத்துவிட்டு வேறு கட்டு எடுத்துக் கொடுத்தார்.

முதல் டிவிடியில், ஸ்டூடியோக்காரர் கொடுத்த கல்யாணப் படக் கோப்பை அப்படியே நகல் எடுத்தேன். பிளேயர் முக்கி முனகி, வட்டு தவறு என்று எழுத்துக் காட்டிவிட்டு வெளியே துப்பியது. பழைய பிளேயருக்கு அதன் பாஷையில் மாற்றிக் கொடுத்தால்தான் வாங்கிக்கொள்ளும். சரியென்று மாற்றி, மூன்றரை மணி நேரத்தையும் ஒரே டிவிடியில் அடைத்தேன். ஓடியது. ஆனால் முகங்கள் எல்லாம் சின்னச் சின்னக் கட்டமாக உடைந்து தெரிந்தன. கல்யாணப் பெண்ணின் சேலைச் சரிகை நண்டு ஊர்வதுபோல் அலைந்தது.

என் மனைவி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள். "மாப்பிள்ளைக்கு அம்மை போட்டிருந்துச்சா? எங்கிட்ட யாரும் சொல்லவே இல்ல."

நான் வேலை பார்த்தது கரையில் இறங்கும் மீனைக் கணக்கெடுக்கும் துறையில். மண்டபம், பாம்பன் என்று முப்பத்துநான்கு வருஷம் பெட்டி எண்ணியவன். ஐஸ் பெட்டியில் அளவுக்கு மேல் மீனைத் திணித்தால் அடியில் இருப்பது நசுங்கிப்போகும் என்பது எனக்குத் தெரியாததல்ல. டிவிடியும் ஒரு பெட்டிதான். அதில் இவ்வளவுதான் கொள்ளும். நேரத்தைக் கூட்டினால் ஒவ்வொரு நொடிக்கும் கிடைக்கும் இடம் குறையும், முகம் நசுங்கும். ஒரு மணி நேரம் வைத்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். இரண்டு மணி நேரம் வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் கருவாடு. அட்டையில் நாலு புள்ளி ஏழு ஜிபி என்று போட்டிருக்கிறான், கணினியில் நாலு புள்ளி மூன்று ஏழுதான் காட்டுகிறது. மீதி எங்கே என்ற கவலையில் எனக்கு ஒரு மத்தியானத் தூக்கம் போயிற்று.

இரண்டு டிவிடியாக, ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரம் என்று முடிவு செய்தேன். அப்படியானால் ஒன்றரை மணி நேரத்தை வெட்ட வேண்டும். மேலே பறந்து எடுத்த படங்கள், மாப்பிள்ளை மணலில் மெதுவாக நடந்து வருவது எல்லாம் போயிற்று. பந்தியை வெட்டப் போனேன். என் மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாப்பிடுறதுல கை வைக்காதீக. யாரு வந்தாக, யாரு வரலைன்னு அதுலதானே தெரியும். அவன் அதத்தான் மொதல்ல கேப்பான்."

அவள் சொன்னது சரி. பந்தியில் ஒவ்வொரு முகமும் ஒருமுறை வரும்படி வைத்துக்கொண்டேன்.

அப்புறமும் ஒவ்வொன்றாகத் தகராறு. கணினி அமெரிக்கக் கணக்கில் நொடிக்கு முப்பது படம் என்று எடுத்துக்கொண்டதால், ஊர்வலத்தில் வந்தவர்கள் விக்கல் எடுத்தவர்கள்போல் வெட்டி வெட்டி நடந்தார்கள். நம் நாட்டுக் கணக்கு இருபத்தைந்து. குண்டு டிவி படத்தின் ஓரங்களைத் தின்றுவிட்டது. பங்குச் சாமியாரின் தலை பாதியோடு நின்றது. படத்தைக் கொஞ்சம் உள்ளே சுருக்கினேன். ஒருமுறை சுருக்கியதை மறுபடி எடுத்துச் சுருக்கினால் நைந்துபோகும் என்பதால், ஒவ்வொரு தடவையும் மூலத்திலிருந்தே தொடங்கினேன். வட்டில் எழுதும் வேகத்தையும் இருப்பதிலேயே மெதுவான வேகத்தில் வைத்தேன். அவசரமாக எழுதியதை எங்கள் பிளேயர் படிப்பதில்லை.

கடைசியாகச் சத்தம். மைக்கில் காற்று அடித்து, ஊர்வலம், பூசை முழுவதும் ஒரே இரைச்சல். சாமியார் தாலியை மந்திரிக்கும்போது அவர் வாய் அசைகிறது, கேட்பது எல்லாம் புஸ்ஸென்ற ஓசை. அதை நீக்குவதற்கு ஒரு வழி இருக்கிறது. இரைச்சல் மட்டும் இருக்கும் இடத்தைக் காட்டி, இதுபோல் இருப்பதை எல்லாம் எடுத்துவிடு என்றால் எடுத்துவிடும். துண்டு துண்டாக உட்கார்ந்து எடுத்தேன். முடிந்தபோது சாமியார் சொல்வது ஒவ்வொரு சொல்லாகத் தெளிந்து வந்தது. இத்தனை தொல்லையில் எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது இது ஒன்றுதான்.

பெண் வரும் முன்பே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் மைத்துனரைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார்த்தினோம். டிவிடியைப் போட்டேன். படம் அவ்வளவு தெளிவு. வீட்டு வாசலில் பந்தல், அதில் வாழைக் குலை, பெண் படி இறங்குகிறாள், பந்தலைத் தாண்டித் தெருவில் ஊர்வலம். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் புருவத்தைச் சுருக்கினார்.

"மச்சான்... காத்து... எங்க?"

நான் எழுந்துபோய் மின்விசிறியைக் கூட்டி வைத்தேன்.

"ம்ஹூம். காத்து."

"அஞ்சுல வச்சிருக்கேன் மாப்ள. இதுக்கு மேல அது சுத்தாது."

இடது கையால் கட்டிலைத் தட்டினார். "அங்கன!" டிவியைக் காட்டினார். "அங்கன காத்து எங்க?"

பிறகு, "இது... நம்ம ஊரு... இல்ல" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்குச் சுருக்கென்றது. என் மனைவி டிவியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ, பாருங்களேன். சேலை பறக்குது, பந்தல் துணி உப்பி உப்பி அடங்குது, மெழுகுதிரி அணையுது, ஒரு சத்தமும் இல்ல. பேய்ப் படம் கணக்கால்ல இருக்கு! கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல பாம்பன்ல இப்படி ஒரு அமைதிய எவன் கண்டான்? அங்கன பக்கத்துல நின்னுக்கிட்டே கத்தித்தான் பேசுவோம். காத்தை என்ன செஞ்சீக?"

"எடுத்துட்டேன்."

"எடுத்துட்டாராம்!" என்று தம்பியிடம் திரும்பினாள். "ஏலே, கேட்டுக்க. உங்க மச்சான் கச்சானை எடுத்துட்டாராம். கடல்ல போற அத்தனை பேரும் வந்து இவருக்கு மாலை போடணும்."

அவர் வாயின் ஒரு பக்கம் மட்டும் இழுத்துக்கொண்டு சிரித்தது. "கணக்கப்பிள்ளை... காத்தையும்... எண்ணிட்டாரு." விழுந்ததிலிருந்து அவர் சொன்ன முதல் கேலி அது. ஆனாலும் டிவியைப் பார்க்கவில்லை.

அவர் கட்டிலுக்கு மேலே ஜன்னல் திறந்துதான் இருந்தது. இராமநாதபுரத்துத் தெருவில் அந்த நேரத்தில் ஒரு இலைகூட அசையவில்லை. அவருக்குக் காதில் காற்று இல்லாமல் எத்தனை நாள் ஆயிற்று என்று அப்போதுதான் யோசித்தேன்.

சனிக்கிழமை மறுபடி உட்கார்ந்தேன். மூலச் சத்தம் அழியாமல் இருந்தது. எல்லாவற்றையும் அப்படியே திருப்பி வைத்துவிடலாம் என்றால், தாலி கட்டும்போது சாமியார் பேச்சும் பெண் சம்மதம் சொல்வதும் அடிபட்டுப்போகும். அதனால் பேச்சு வரும் இடங்களில் காற்றைத் தணித்து, பேச்சு முடிந்ததும் தானாக ஏறிவரும்படி வைத்தேன். ஊர்வலத்தில் தொடவே இல்லை. மொத்தமும் மீண்டும் மாற்றி, மெதுவாக எழுதி, ஓட்டிப் பார்க்க நேரம் இல்லாமல் ஞாயிறு வந்துவிட்டது.

பூசை முடிந்து மகளும் மருமகனும் வந்தார்கள். மகள் கட்டிலின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். தகப்பனுக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. நான் டிவிடியைப் போட்டுச் சத்தத்தை ஏற்றினேன்.

காற்று வந்தது. அறை முழுவதும் ஹோவென்று அடித்தது. பந்தல் துணி பட் பட்டென்று அறைந்தது. எங்கேயோ ஒரு தகரம் தடதடத்தது. மைத்துனர் உடனே கண்ணை மூடிக்கொண்டார். நான் பதறிவிட்டேன். இத்தனை பாடுபட்டு முகம் நசுங்காமல் கொண்டுவந்தது அவர் கண்ணை மூடவா? 'பாருங்க மாப்ள' என்று சொல்ல வாயெடுத்தேன். என் மனைவி என் முழங்காலை அழுத்தினாள்.

அவர் கண்ணைத் திறந்தபோது பெண் பந்தலைத் தாண்டித் தெருவில் இறங்கிக்கொண்டிருந்தாள். கச்சான் அவள் தலையில் இருந்த வெள்ளை முக்காட்டைத் தூக்கிப் பக்கவாட்டில் வீசியது. பின்னால் வந்த இரண்டு பெண்கள் அதைப் பிடிக்க ஓடினார்கள். அது கைக்கு அகப்படாமல் போயிற்று.

"புடி!" என்றார் மைத்துனர்.

நாங்கள் எல்லாரும் அவரைப் பார்த்தோம். அவர் எங்களைப் பார்க்கவில்லை. தலையணையிலிருந்து முதுகை எடுத்து முன்னால் சாய்ந்திருந்தார்.

"ஏ புள்ளைகளா... முக்காட்டப் புடிங்க! மேக்குப் பக்கம்... நில்லுங்க... காத்துக்கு மறைச்சு..." பாதிச் சொல் வாயிலேயே நின்றது. இடது கை படபடவென்று திசை காட்டியது. "என்னத்தப் பாக்குறீக... புள்ள கண்ணுல... மண்ணு விழுது!"

காலடியில் இருந்த மகள் எழுந்துபோய்க் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆட்டிக்கொண்டிருந்த கையைத் தன் இரண்டு கைகளிலும் வாங்கிக்கொண்டாள்.

"புடிச்சிட்டாகப்பா" என்றாள். "இந்தா பாருங்க, புடிச்சிட்டாக."

"குத்தச் சொல்லு... ஊக்கு."

"குத்திட்டாகப்பா."

அவர் தலையை ஆட்டினார். கையை அவளிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை. ஊர்வலம் கோயில் வாசலை நெருங்கிக்கொண்டிருந்தது.