இரண்டு கண்ணாடிச் சிறகுகள்

பெட்டிக்காரர் அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேர்ந்த வாரம் அவர் செய்த ஒரு பெட்டிக்கும் மூடி பொருந்தவில்லை. பக்கத்து மேசையில் பட்டாம்பூச்சிகளுக்கு ஊசி குத்தும் அவருடைய அக்கா கணவர், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் ஒவ்வொரு மூடியையும் உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போலக் கை கழுவப் போனார்.

அந்த அருங்காட்சியகத்தின் பின்னறையில் ஊசிக்காரர் முப்பது வருடமாக உட்கார்ந்திருந்தார். மழைக்காட்டிலிருந்து தாள் பொட்டலங்களில் வருவதை வகை பிரித்து, சிறகை விரித்துக் குத்த வேண்டும். அதில் கண்ணாடிச் சிறகுள்ளவை இரண்டு வகை. அளவும் ஒன்று, கறுப்பு ஓரமும் ஒன்று. ஒன்றின் சிறகு துடைத்துவைத்த கண்ணாடி. மற்றதில் எண்ணெய் பட்ட தாள்போல லேசான மஞ்சள். ஆண்டவன் அவ்வளவுதான் வித்தியாசம் வைத்திருந்தான். வெள்ளைத் தாள்மேல் வைத்து ஒரு பார்வை பார்த்தால் ஊசிக்காரருக்குப் போதும். அதிகாரியே சந்தேகம் வந்தால் அவரிடம்தான் வந்து நிற்பார்.

“படிச்சவங்க பேரு வைப்பாங்க மாப்ளே, ஆளை அடையாளம் சொல்ல நாமதான் வேணும்” என்று சிரிப்பார்.

கடைசியாகக் கண்ணாடிச் சிறகுள்ளவை நூற்றிருபது வந்தன. அந்தக் காட்டை அதற்குள் வெட்டித் தீர்த்துவிட்டார்கள். இனி ஒன்றுகூடக் கிடைக்காது. ஊசிக்காரர் அத்தனையையும் மஞ்சள் வகைப் பெட்டியிலேயே குத்திக்கொண்டிருந்தார். பெட்டிக்காரர் எட்டிப் பார்த்தார். பாதிக்குமேல் பளிச்சென்று தெளிந்த சிறகுகள். மெதுவாக விசாரித்தபோது, இந்த வகைதான் வந்திருக்கிறது என்றார் ஊசிக்காரர். பிறகு அலுத்துக்கொண்டார்:

“இப்போ வாங்குற தாளும் மட்டம். எல்லாம் மஞ்சளா இருக்கு.”

தாள் வெள்ளையாகத்தான் இருந்தது. அவர் கண்தான் மஞ்சளாகப் பார்க்கிறது என்று பெட்டிக்காரருக்குப் புரிந்தது. அந்த மனிதரிடம் எந்த வாயால் அதைச் சொல்வது? பசை காய்ச்சப் போய்விட்டார். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே மூன்று மாதம் ஓடியது.

அதிகாரி கண்டுபிடித்தார். வேலை போயிற்று. கண் மருத்துவர், புரையை எடுத்துவிடலாம், ஆனால் பின்னால் நரம்பே வாடிவிட்டது என்றார். மூன்று மாதம் முன்பே வந்திருந்தால் ஒரு கண்ணாவது மிஞ்சியிருக்கும். பக்கத்திலேயே இருந்தும் தனக்குத் தெரியாமல் போனதே என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஊசிக்காரரும் அக்காவும் மகள் வீட்டுக்குக் கிளம்பினார்கள். பிறகு அங்கிருந்து ஊசிக்காரரின் சாவுச் செய்திதான் வந்தது. கிளம்பிய அன்று பெட்டிக்காரர்தான் அவரைக் கைப்பிடித்துப் பேருந்தில் ஏற்றி உட்காரவைத்தார். அக்கா தண்ணீர் வாங்க இறங்கியிருந்தாள். ஊசிக்காரர் தடவித் தடவி மைத்துனரின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“நீ முன்னாடியே பார்த்துட்டேன்னு எனக்குத் தெரியும் மாப்ளே. உங்கக்காகிட்ட மட்டும் சொல்லிடாதே. உன்னோட பேசறதை நிறுத்திடுவா.”