காஜாக்காரியின் ரப்பர் செடி

எங்கள் மாடியில் குடியிருப்பவளை எல்லாரும் காஜாக்காரி என்றுதான் சொல்வோம். சட்டைக் கம்பெனியில் பொத்தானுக்குக் காஜா எடுக்கிற வேலை. மெஷின் முன்னால் குனிந்து குனிந்து கழுத்தே முன்னால் வளைந்துவிட்டது. அவளுக்கு இருப்பது ஒரே தம்பி. லாரி மெக்கானிக். நல்ல கைவேலைக்காரன், குடிதான் கெடுத்தது. குடித்துவிட்டு வந்து டிவி, நாற்காலி, அம்மா படம் என்று எல்லாவற்றையும் உடைத்தவன், ஒரு ரப்பர் செடியை மட்டும் தொட்டதில்லை. பெயிண்ட் வாளியின் அடியில், பழுக்கக் காய்ச்சிய ஸ்க்ரூ டிரைவரால் அவனே ஓட்டை போட்டு, அவனே நட்டது.

குடியை நிறுத்துகிற இல்லத்தில் சேர்த்தும் இரண்டு தடவை சுவரேறி ஓடி வந்தான். மூன்றாம் தடவை போகும்போது, "அக்கா, செடியப் பாத்துக்க. தினம் ஒரு டம்ளர் தண்ணி" என்றான். அன்றைக்குப் பதினாலு இலை. ஞாயிறு தோறும் பார்க்கப் போனால் அவன் கேட்பது ஒன்றுதான்: "இப்ப எத்தனை?"

பதினாறு வரை நிஜத்தைச் சொன்னாள். பிறகு இலை மஞ்சளாகி உதிர ஆரம்பித்தது. செடியில் குறையக் குறைய அவள் வாயில் கூடிக்கொண்டே போனது. அவள் சொல்லும் கணக்கு இருபதில் இருக்கும்போது இல்லத்திலிருந்து போன். ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறார்களாம்.

வெள்ளிக்கிழமை காலையில் வந்து என் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"பெரியம்மா, மூணு இலைதான் இருக்கு. அதப் பாத்தான்னா நேரா கடைக்குத்தான் போவான்."

"வேற செடி வாங்கி வச்சிடேன்."

"அவன் கயிறு கட்டின தழும்பு தண்டுல இருக்கு. தடவிப் பாத்தே கண்டுபிடிச்சிடுவான்."

"தண்ணி ஊத்துறியா, இல்ல அதுலயும் கஞ்சமா?"

"வாடுதேன்னு மூணு டம்ளர் ஊத்துறேன் பெரியம்மா."

மேலே போய் வாளியைச் சாய்த்தேன். சாக்கடை நாற்றம். அடியில் பார்த்தால், குழாய் ஒழுகினால் வைக்கிற பசையால் ஓட்டையை அடைத்திருக்கிறது.

"இத எவ அடைச்சது?"

அவள் ஜன்னல் வழியே கீழே என் துணிக்கொடியைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொடியில் காயப்போட்ட என் சேலையில் மண்தண்ணீர் சொட்டுகிறது என்று தெரு கேட்கக் கத்தியது நான்தான்.

"சொட்டக் கூடாதுன்னுதான் சொன்னேன். அடைக்கவா சொன்னேன்?" என்றேன். அப்போதும் இறங்கி வர மனமில்லை.

செடியை உருவினோம். வேரைத் தொட்டால் தோல் உரிந்து கையோடு வந்தது. நூல் வெட்டுகிற சின்னக் கத்திரியால் அவள் வெட்டினாள்.

"இதுவும் கறுப்பு. இதுவும்."

"வெட்டு."

கடைசியில் விரல் நீளத்துக்கு நாலு வேர்தான், வெள்ளையாக, அழுத்தினால் அமுங்காமல் மிஞ்சியது. அடி ஓட்டையாகி ஆறு வருஷமாகப் பரணில் கிடந்த என் அலுமினியக் குண்டானை எடுத்து வந்தேன். யார் சொல்லியும் அதை நான் தூக்கிப் போட்டதில்லை. ஓட்டைமேல் ஓட்டுச்சில்லு வைத்து, மணல் கலந்த புதுமண் போட்டு நட்டோம்.

"பிழைக்குமா பெரியம்மா?"

"தெரியாது. பொய் சொன்னது போதும்."

ஞாயிற்றுக்கிழமை வந்தான். நானும் மாடியில்தான் இருந்தேன். பாதி ஆளாகியிருந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே ஜன்னலுக்குப் போனான். எண்ண நேரமாகவில்லை.

"இருபதுன்னியேக்கா."

அவன் திரும்பி வந்து செருப்பை மாட்டினான். அவள் கதவில் சாய்ந்து நின்றாள். மறிக்கவில்லை.

"தம்பி, நான் போட்ட சத்தத்துலதான் அவ வாளி ஓட்டைய அடைச்சா. தப்பு என்னுது. கேக்குறதுன்னா என்னக் கேளு" என்றேன்.

அவன் திரும்பிப் போய்க் குண்டானைத் தூக்கி, அடியில் விரலை விட்டுப் பார்த்தான்.

"இந்த ஒரு ஓட்டை பத்தாது" என்று செருப்பை உதறினான். "ஆணி எங்கக்கா?"

அவன் ஓட்டை போடுவதற்காகச் செடியை மறுபடி வெளியே எடுத்தபோது ஓர் இலை உதிர்ந்தது. "ரெண்டு" என்றான், அவ்வளவுதான்.

பன்னிரண்டு நாளாகிறது. துளிர் இன்னும் வரவில்லை. அவன் மறுபடி லாரிப் பட்டறைக்கு வேலைக்குப் போகிறான். பட்டறை விடுகிற நேரமானால் அவள் ஜன்னலில் நிற்கிறாள், நான் கீழே நிற்கிறேன். இதுவரை நேரே வீட்டுக்குத்தான் வந்திருக்கிறான். மேலிருந்து சொட்டத்தான் சொட்டுகிறது. என் கொடியை எதிர்ச்சுவருக்கு மாற்றிக் கட்டிவிட்டேன்.